ஒரேஞ்சு என்வலப்புக்குள்ள இருக்கிறது காசில்ல

இந்த வருசம் மூண்டாவது ஆள், அதான் எழுதுறன். சுவீடனில 30 வருசம் வேலை செய்த அண்ணை ஒருத்தர் லீவில வந்து திருகோணமலை உவர்மலையில என்ட ஒபிஸ் மேசையில, சுவீடன் பென்ஷன் கந்தோர் வருசா வருசம் கணக்குக் காட்டி அனுப்புற அந்த ஒரேஞ்சு என்வலப்ப வைச்சிட்டு, இதில 16 லட்சம் குரோனர் (சுவீடன் காசு) கிடக்கு தம்பி, எடுக்க ஃபோர்ம் நிரப்பித் தாங்கோ, நிலாவெளியில காணிக்கு அட்வான்சும் குடுத்திட்டன் எண்டுறார்.

அண்ணை, அது காசில்ல. வெறும் எழுத்துக் கணக்கு.

எங்கட ஆக்கள் எல்லாத்தையும் இலங்கை ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) மாதிரியே நினைக்கிறதுதான் பிரச்சினை. ஈபிஎஃப்ல உங்கட 8 வீதமும் முதலாளியின்ட 12 வீதமும் உண்மையாவே சேர்ந்து கிடக்கும், ஆம்பிளைக்கு 55, பொம்பிளைக்கு 50 வயசில மொத்தமா எடுக்கலாம். சுவீடனில 1999ல இருந்து நடக்கிறது வேற. சம்பளத்தில பென்ஷனுக்குப் போற 18.5 வீதத்தில 16 வீதம் உங்கட பேரில பதிவாகும், ஆனா காசு அண்டைக்கே இப்ப பென்ஷன் எடுக்கிற கிழடுகளுக்குப் போயிடும். உங்களுக்கு மிஞ்சிறது ஒரு எண், அது நாட்டின்ட சராசரிச் சம்பளம் ஏற ஏற ஏறும், அவ்வளவுதான். மிச்ச 2.5 வீதம் மட்டும் நிசமா முதலீட்டில கிடக்கு, அதையும் மொத்தமா எடுக்கேலாது.

பென்ஷன் எடுக்கேக்க அந்த எண்ண ஒரு வகுஎண்ணால பிரிப்பினம், உங்கட வயசுக்காரர் இன்னும் எத்தின வருசம் வாழுவினம் எண்டதை வைச்சுப் போடுற எண் அது. கணக்குக்கு சுகமா 16 எண்டு வைப்பம், 16 லட்சத்த பிரிச்சா வருசம் 1 லட்சம், மாசம் 8,333 குரோனர், அதிலயும் வரி. உங்கட வயசுக்காரர் நெடுக வாழுவினம் எண்டா அந்த வகுஎண் கூடும், பிந்தி எடுத்தா குறையும். இந்த வகுஎண்ணில, இனி வரப்போற வருசச் சம்பள வளர்ச்சியில 1.6 வீதத்த முன்கூட்டியே சேர்த்துத் தாறதால பிறகு வருசா வருசம் ஏத்திறதில அதக் கழிப்பினம், பென்ஷன் ஏன் இவ்வளவுதான் ஏறினது எண்டு என்னோட சண்டை பிடிக்கிறாக்கள் இதையும் ஒருக்கா வாசியுங்கோ. பென்ஷன் திட்டம் குடுக்க வேண்டிய கடன் அதின்ட சொத்த விடக் கூடினா பென்ஷன் ஏத்திறதுக்குத் தானாவே பிரேக் விழும், 2010ல விழுந்து பென்ஷன் குறைஞ்சதுதானே.

இன்னொண்டு, கேட்ட உடன அண்ணையின்ட முகம் வாடிப்போச்சு. எடுக்க முதல் நீங்கள் செத்தா அந்த எண் மனிசிக்கு வராது, உங்கட வயசுக்காரரின்ட கணக்குகளுக்குப் பங்கிடுவினம். ஈபிஎஃப்ல நொமினி போட்ட நினைப்பில இருக்காதேங்கோ.

ஊருக்கு வந்து இருக்கப் போறீங்களா? உழைச்சுச் சேர்த்த பென்ஷன் இஞ்சயும் வரும். உயிரோட இருக்கிறதுக்கு அத்தாட்சிப் பத்திரம் கேட்டு அனுப்புவினம், உடன நிரப்பி அனுப்புங்கோ, லாச்சிக்குள்ள போட்டிட்டு பென்ஷன் நிண்டுபோச்சு எண்டு என்னட்ட ஓடி வராதேங்கோ. குறைஞ்ச வருமானக்காரருக்கு அரசாங்கம் மேலதிகமாத் தாற உத்தரவாத பென்ஷன் திருகோணமலைக்கு வராது, அத நம்பி வீட்டு பிளான் கீறாதேங்கோ. இத்தாலி, நோர்வே, போலந்தில இருக்கிறாக்களும் கேளுங்கோ, வீதமும் வயசும் வேற எண்டாலும் அங்கயும் இந்த எழுத்துக் கணக்குத்தான்.

காணி வாங்க முதல் ஒருக்கா கேட்டிருக்கலாமே அண்ணை. இப்ப காணிக்காரனிட்ட போய் அட்வான்சுக்குத் தவணை கேக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறன், என்வலப்ப மறந்து என்ட மேசையிலயே விட்டிட்டுப் போயிட்டார்.