ஞாயிற்றுக்கிழமைக் கறியும் சனிக்கிழமைப் பயணமும்

குக்கரில் எட்டு விசில் விட்டும் கறி வேகவில்லை என்றால், பழி நேராகக் கறிக்கடைக்காரர் மேல்தான் விழும். "கிழட்டு ஆட்டை நம் தலையில் கட்டிவிட்டார்" என்போம். சில சமயம் அது உண்மையும்கூட. வயதான ஆட்டில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் இறுகிப்போயிருக்கும், இளக நேரமாகும். ஆனால் இளங்கிடாவின் கறியும் ரப்பர் மாதிரி இழுக்கிறதே, அது ஏன்? அதற்கு அந்த ஆட்டின் கடைசி நாளையும், அறுத்தபின் முதல் சில மணி நேரத்தையும் பார்க்க வேண்டும்.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை சனிக்கிழமை கூடும். அங்கே என்றில்லை, எந்தச் சந்தையிலும் ஆட்டை வண்டியில் ஏற்றுவதைக் கவனியுங்கள். ஒரு கை கொம்பில், இன்னொரு கை பின்னங்காலில், அப்படியே தூக்கி உள்ளே ஒரு வீச்சு. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். உரித்த பிறகுதான் அது தெரியும். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். விட்டால் அங்கேதான் முதலில் கெடும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இதைவிடப் பெரியது. தசையில் கிளைகோஜன் என்றொரு சர்க்கரை இருப்பு உண்டு, எடையில் சுமார் 1 சதவீதம். ஆடு பயந்தால் அட்ரினலின் சுரந்து அதைக் கரைக்கும். ஓடக்கூட வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே கரையும். வளைவுக்கு வளைவு காலை ஊன்றி நிற்பதிலும் செலவாகும். வேறு வேறு மந்தைக் கிடாக்களை ஒன்றாக அடைத்தால் வழியெல்லாம் முட்டிக்கொண்டு மிச்சத்தையும் தீர்த்துவிடும். நெருக்கி அடைத்தால், விழுந்த ஆடு எழ முடியாமல் மிதிபடும். ரொம்பத் தாராளமாக விட்டாலும் பிரேக் போடும்போதெல்லாம் உருளும். வண்டி டீக்கடையில் நிற்கும் நேரம்தான் இன்னும் மோசம். ஓட்டத்தில் வந்த காற்று நின்றுபோக, உடல் சூடும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தேங்கும். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கு 1978 முதல் நம் நாட்டில் தனி விதிகள் இருக்கின்றன. சாலையில் பார்ப்பது வேறு.

உயிர் போனபின் தசைக்கு ஆக்சிஜன் வராது. ஆனாலும் அது சற்று நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். மிச்சமுள்ள கிளைகோஜனை லாக்டிக் அமிலமாக மாற்றும். அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பிஎச் (அமிலம் கூடினால் இது குறையும்) 7ஐ ஒட்டிய அளவிலிருந்து 5.6 வரை இறங்கும். நல்ல கறியின் பளிச்சென்ற சிவப்பும், சட்டென்று கெடாத தன்மையும் இந்த அமிலத்தால் வருபவை. சர்க்கரை தீர்ந்த ஆட்டில் அமிலம் போதாமல் பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். 'நேற்றைய கறி' என்று சிலர் ஒதுங்கிப் போவார்கள். அறுத்தது அன்று காலையாகவே இருக்கும். இப்படிப்பட்ட கறியில் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கிடைக்காது, நேராகப் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் கைவைக்கும். அதனால் நாற்றமும் சீக்கிரம் வரும். சுலபத்தில் மிரளும் வெள்ளாட்டில் இது அடிக்கடி நேர்கிறது.

சரி, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்தால் போதாதா? தண்ணீரும் நிழலும் கொடுத்தால் தாகமும் களைப்பும் தீரும். ஆனால் அசைபோடும் விலங்குகளில் தசைச் சர்க்கரை பழையபடி நிரம்ப நாள்கணக்காகும். வழியில் இழந்ததைக் கொட்டிலில் ஒரே ராத்திரியில் மீட்க முடியாது.

அடுத்தது குளிர். எவ்வளவு சீக்கிரம் குளிரூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். நியூசிலாந்தில் லாக்கர், ஹேகியார்டு என்ற இருவர் 1963இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. அப்போதுதான் அறுத்த மாட்டின் தசைத் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். 14 முதல் 19 டிகிரி செல்சியஸில் சுருக்கம் மிகக் குறைவு. 0 டிகிரியை ஒட்டி வைத்தவையோ ஏறக்குறைய பாதி நீளத்துக்குச் சுருங்கிவிட்டன. அறுத்துச் சில மணி நேரத்தில் ஆற்றல் தீர்ந்து தசை விறைக்கும். விறைக்காத தசையில் இன்னும் ஆற்றல் இருக்கிறது; திடீர்க் குளிர் பட்டால் உள்ளே கால்சியம் கசிந்து தசை இறுக்கிப் பிடிக்கும். அந்த நிலையிலேயே விறைத்தும் விடும், கறி ரப்பராகும். அதனால்தான் முதல் 10 மணி நேரத்தில் கறியின் உள்சூடு 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்றொரு கணக்கு இறைச்சித் தொழிலில் இருக்கிறது. அவ்வளவு காத்திருக்க முடியாத பெரிய கூடங்களில், உரித்த ஆட்டின் மீது மின்சாரம் பாய்ச்சி அமிலம் உருவாவதை வேகப்படுத்துவார்கள்; குளிர் படுவதற்குள் தசையின் ஆற்றல் தீர்ந்துவிடும். உடல் சிறியது, மேல்கொழுப்பும் மெல்லியது என்பதால் ஆடு மாட்டைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். அபாயமும் அதற்கே அதிகம்.

நம் வீட்டு ஃப்ரீசருக்கும் இது பொருந்தும். கைச்சூடு ஆறாத கறியைப் பொடியாக நறுக்கி நேராக ஃப்ரீசரில் வைத்தால், பிறகு வெளியே எடுத்து இளக்கும்போது அது மூர்க்கமாகச் சுருங்கிச் சாற்றை வடியவிடும். அன்றே குழம்பு வைப்பதானால் வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிடலாம். விறைக்கும் முன் வெந்த கறிக்கு இந்தச் சிக்கல் அதிகமில்லை. எடுத்து வைப்பதானால் எலும்போடு பெரிய துண்டுகளாகவே வாங்கி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். எலும்பு பிடித்துக்கொள்வதால் தசை அவ்வளவாகச் சுருங்காது, தசையிலுள்ள நொதிகளும் நாரைக் கொஞ்சம் தளர்த்தும். அப்புறம் ஃப்ரீசருக்கு மாற்றலாம், அல்லது அப்படியே சுக்கா போடலாம்.