லேட்டன்சி: தாமதமா, சுணக்கமா?

ரிச்சி தெருவில் ரேம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டும் 16 ஜிபி, டிடிஆர்4. ஒன்றில் வேகம் 3200, சிஎல்16 என்று போட்டிருந்தது. மற்றதில் 3600, சிஎல்18. "சிஎல் கம்மின்னா லேட் கம்மி சார், பதினாறையே எடுத்துக்கோங்க" என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. ஒன்று சொல்லில், ஒன்று கணக்கில்.

முதலில் சொல். சிஎல்லில் உள்ள 'எல்' லேட்டன்சி. லேட்டன்சி என்றதும் நம் காதில் 'லேட்' விழுகிறது. ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'லேட்' ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். லேட்டன்சிக்கு மூலம் லத்தீனின் 'லடேரே'; ஒளிந்து கிடத்தல் என்று பொருள். 'லேட்டன்ட் ஹீட்' என்பதும் இதே வேரில் முளைத்ததுதான். பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு சூடேற்றினாலும், கட்டி தீரும்வரை வெப்பமானி 0 டிகிரியிலேயே நிற்கும். உள்ளே போன வெப்பம் கண்ணில் படுவதில்லை. நம் பாடநூல்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன, இலங்கையில் மறைவெப்பம்.

ஒளிந்திருப்பது எப்படிக் காத்திருப்பது ஆயிற்று? 19ஆம் நூற்றாண்டு உடலியலாளர்களைக் கேட்கவேண்டும். தசையைத் தூண்டிய கணத்துக்கும் அது சுருங்கத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே, வெளியில் எதுவுமே தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அதற்கு 'லேட்டன்ட்' காலம் என்று பெயரிட்டார்கள். கணினியில் நாம் புழங்கும் பொருளும் அதேதான்: கேட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை.

சரி, சிஎல்லில் உள்ள 'சி' என்ன? நினைவகச் சில்லுக்குள் தகவல் கட்டம் கட்டமாக, கிடைவரிசையும் நெடுவரிசையுமாக இருக்கிறது. 1973இல் மாஸ்டெக் நிறுவனம் 16 கால்கள் மட்டுமே உள்ள ஒரு சில்லைக் கொண்டுவந்தது. முழு முகவரியையும் ஒரே நேரத்தில் அனுப்ப அத்தனை கால்கள் போதாது. அதனால் கிடைவரிசை எண்ணை முதலில், நெடுவரிசை எண்ணைப் பின்னால், அதே கால்கள் வழியாக அனுப்பினார்கள். இரண்டாவது எண் வந்துவிட்டது என்று சொல்லும் சைகைக்குத்தான் 'கேஸ்' (CAS, column address strobe) என்று பெயர். அந்தச் சைகைக்குப் பிறகு முதல் தகவல் வெளிவர எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகிறது என்பதே சிஎல், அதாவது கேஸ் லேட்டன்சி. ஸ்டிக்கரில் 16-18-18-38 என்று இருந்தால் முதல் எண் இது. அடுத்த இரண்டும் ஒரு கிடைவரிசையைத் திறக்கவும், அடுத்ததைத் திறக்க ஆயத்தமாகவும் ஆகும் துடிப்புகள்.

தம்பியின் கணக்கு இடறியது இங்கேதான். சிஎல் நேரமல்ல, எண்ணிக்கை. கச்சேரி கேட்பவர்களுக்கு எளிதில் புரியும்: அதே பதினாறு அட்சரத்தை இரண்டாம் காலத்தில் பாடினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். சிஎல்லை 2000ஆல் பெருக்கி, பெட்டியில் உள்ள வேகத்தால் வகுத்தால் நானோநொடி கிடைக்கும். 3200 சிஎல்16க்கு 10. 3600 சிஎல்18க்கும் 10. நான் 3600ஐ எடுத்துக்கொண்டேன். காத்திருப்பு ஒன்றுதான், பாயும் தகவல் கூடுதல். இன்றைய டிடிஆர்5இல் 6000 சிஎல்30? அதுவும் 10. இருபது ஆண்டுக்கு முந்தைய டிடிஆர்400 சிஎல்2கூட 10தான்! ஒரு ரேம் குச்சியின் வழியே நொடிக்குப் பாயும் தகவல் 3.2 ஜிபியிலிருந்து 48 ஜிபி ஆகிவிட்டது. காத்திருப்பு மட்டும் அசையவில்லை.

அப்போது குறைந்த சிஎல்லுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? 6000 வேகத்தில் சிஎல்30க்கும் சிஎல்36க்கும் வித்தியாசம் 2 நானோநொடி. செயலி ஒன்றைக் கேட்டு ரேமிலிருந்து கைக்கு வந்து சேர மொத்தமாகப் பல பத்து நானோநொடி ஆகிறது. தவிர, பெரும்பாலான கேள்விகள் செயலிக்குள் இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்திலேயே தீர்ந்துவிடும். வலுவான கிராபிக்ஸ் கார்டோடு கேம் ஆடுபவருக்குச் சில பிரேம்கள் கூடலாம். பிரவுசர், எக்செல் என்று இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது; அந்தக் காசை 16 ஜிபியை 32 ஆக்க ஒதுக்கலாம். எதை வாங்கினாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பைப் போட மறந்தால், ஸ்டிக்கரில் உள்ள வேகம் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

இனி தமிழ்ச் சொல். 'தாமதம்' எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது வடமொழியின் தாமசத்திலிருந்து வந்தது. சோம்பல் வாடை போகவில்லை. 'உள்ளுறை நேரம்' வேருக்கு நெருக்கம்தான், ஆனால் நமக்குச் சங்கப் பாடல்களின் உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது 'சுணக்கம்'. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் "பணிகளில் சுணக்கம்" என்றால் குற்றச்சாட்டு. யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை, "ஏன் சுணங்கினனீங்கள்?" என்பது வீட்டு வாசலில் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. அந்தப் பழியில்லாத சுணக்கம்தான் லேட்டன்சிக்குப் பொருத்தம்.

கணிதப் பாடத்தில் அணிகளின் நெடுவரிசைக்கு 'நிரல்' என்று அழகான சொல் இருக்கிறது. 'நிரல் சுணக்கம்' என்று வைக்க ஆசைதான். ஆனால் கணினித் தமிழில் நிரல் என்பது புரோகிராம் ஆகிவிட்டதே. ஏதோ மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஆகவே நீளமாக இருந்தாலும் 'நெடுவரிசைச் சுணக்கம்' என்றே எழுதுகிறேன். கடையில் மட்டும் சிஎல்.