நெட்டையர்களே, டிராப்பர் வாங்கும் முன் ஒரு பழைய சீட் பில்லரைத் தேடுங்கள்

போன மாசியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். தம்பி என்று சொல்கிறேனே தவிர, ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது அவரால். ஆறடி இரண்டங்குலம். “அண்ணே, உக்காந்து மிதிச்சா டக்கு டக்குன்னு சத்தம் வருது. பெடல் பேரிங் போயிருக்கும்போல, பாருங்க” என்றார்.

பேரிங் வரைக்கும் போகவே இல்லை. ‘இவ்வளவாவது உள்ளே இருக்க வேண்டும்’ என்று, சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லரில் பொறித்திருப்பார்களே ஒரு கோடு, அது ஃபிரேமுக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளிப் பளிச்சென்று தெரிந்தது. பில்லரை உருவினேன். அது இறங்கும் ஃபிரேமின் சீட் குழாயைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், மேல் குழாய் வந்து ஒட்டும் வெல்டிங் பக்கத்தில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். செம்மண் தூசி உள்ளே புகுந்து அதற்குக் கோடு போட்டுக் காட்டியது.

மலிவாகக் கிடைத்தது என்று யாரிடமோ பழைய மீடியம் ஃபிரேம் வாங்கி, தன் கால் நீளத்துக்குச் சீட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பில்லர் போதிய அளவு உள்ளே இருந்தால் ஆளின் பாரம் குழாய்க்குள் நெடுக இறங்கிப் பரவும். கோட்டைத் தாண்டினால் அது பில்லர் இல்லை, கடப்பாரை. மேலே எண்பது கிலோ ஆள், கீழே இரண்டங்குலப் பிடி. ஒவ்வொரு குழியிலும் ஒரு நெம்பு. அலுமினியம் எத்தனை நாள் பொறுக்கும்?

இனி இதில் ஏறாதே என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சரிண்ணே, வேற ஃபிரேம் வாங்கிக்கிறேன். அதுல, இருக்கிறதுலேயே பெரிய டிராப்பரா மாட்டி விட்ருங்க” என்றார். இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்த ‘இருக்கிறதுலேயே பெரிய’ என்ற வார்த்தைக்காகத்தான். உயரமான ஆள் யார் வந்தாலும் இதே வார்த்தையோடுதான் வருகிறார்கள்.

டிராப்பர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சாதாரண சீட் பில்லருக்குப் பதிலாக மாட்டுவது இது. ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும், லீவரை விட்டதும் அங்கேயே நிற்கும். எழுந்துகொண்டு மறுபடி அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சீட்டைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். (பாதி எழுந்த நிலையில் அழுத்தாதீர்கள். ஆண்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.) இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1984-இலேயே அமெரிக்காவில் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ‘ஹைட் ரைட்’ என்று ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார்கள். பில்லரை இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்பைத் தளர்த்தினால் ஸ்பிரிங் சீட்டை மேலே தள்ளும். 2010-இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ‘ரிவெர்ப்’ வந்த பிறகு டிராப்பர் பரவலானது. 2022-இல் மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மாதேய் மொஹோரிச், தார் ரோட்டில் ஓட்டும் ரேஸ் சைக்கிளிலேயே டிராப்பர் மாட்டிக்கொண்டு போஜ்ஜியோ இறக்கத்தில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார்.

சரி, நெட்டையர்களுக்கு ஏன் அதிக இறக்கம் வேண்டும்? ‘சீட் ரொம்ப மேலே இருக்கும், அதனால்’ என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சீட் எந்த உயரத்தில் இருந்தாலும் 120 மில்லிமீட்டர் இறங்கினால் எல்லோருக்கும் கிடைக்கும் இடைவெளி அதே 120தான். வித்தியாசம் முழங்காலில் இருக்கிறது. கண்மாய்க் கரையிலிருந்து சரேலென்று இறங்கும்போது பெடலில் நின்று முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துகிறோம். ஒரே கோணத்தில் மடக்கினாலும் கால் எவ்வளவு நீளமோ அதற்கேற்பத்தான் இடுப்பு இறங்கும். 75 செ.மீ. காலுள்ளவருக்கு இடுப்பு 15 செ.மீ. இறங்குகிறது என்றால், 95 செ.மீ. காலுள்ளவருக்கு அதே மடக்கில் 19 செ.மீ. இறங்கும். 120 டிராப்பரில் குட்டையானவருக்குச் சீட் லேசாகத்தான் உரசும். நெட்டையானவருக்கோ அது பின்பக்கத்தில் இடித்து ஆளை முன்னால் தள்ளிவிடும். சைக்கிளோடு வந்த டிராப்பர் போதவில்லை என்று உயரமானவர்கள் சொல்வது வீம்பு இல்லை. அவர்களுக்கு 180, 210 தேவைப்படுவது நிஜம். ஒன்அப் போன்ற கம்பெனிகள் இப்போது 240 வரை கூடச் செய்கிறார்கள்.

ஆனால் பெட்டி மேல் போட்டிருக்கும் எண் இறக்கத்தை மட்டும்தான் சொல்லும். டிராப்பருக்கு இன்னும் இரண்டு நீளம் உண்டு. ஒன்று, சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பியை, அதாவது ரயிலைப் பிடிக்கும் தலையும் கழுத்துக் காலரும் சேர்ந்த உயரம். சீட் முழுக்க இறங்கிய பிறகும் அது ஃபிரேமுக்கு மேலே நிற்கும். இன்னொன்று மொத்த நீளம், அதாவது தலையிலிருந்து கேபிள் மாட்டும் அடிப்பகுதி வரை. இறக்கம் கூடக் கூட இந்த மொத்த நீளமும் ஏறிக்கொண்டே போகும். அது எல்லாம் உங்கள் சீட் குழாய்க்குள் போயாக வேண்டும். போகவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய இறக்கம் ஃபிரேமுக்கு மேலே சும்மா நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். ஐந்தாறு வருடம் இருக்கும். அலங்காநல்லூர் பக்கத்து வாத்தியார் ஒருவர், நல்ல உயரம், எனக்கு மரியாதைக்குரியவர். ஃபிரேம் லார்ஜ் என்று போனில் கேட்டுக்கொண்டு 200 மில்லிமீட்டர் டிராப்பரை வரவழைத்துவிட்டேன். மாட்டினால் பாதியிலேயே நின்றுவிட்டது. அவருடைய ஃபிரேமில் சீட் குழாய் நடுவில் வளைந்திருந்தது. பின் சக்கரத்துக்கு இடம்விட்டு அப்படி வளைத்திருந்தார்கள். பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. சீட் அவர் மிதிக்கும் உயரத்தைவிட நாலு செ.மீ. மேலே நின்றது. “பரவாயில்லப்பா, கால் விரலை வச்சு மிதிச்சுக்கிறேன்” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. குழாய்க்குள் போய்க் கீறல் விழுந்த சரக்கை விற்றவர்கள் திரும்ப எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நஷ்டம் என்னுடையது.

அன்றிலிருந்து சைக்கிளை நேரில் பார்க்காமல் நான் டிராப்பர் சொல்வதில்லை. அளக்கும் முறை எளிது, நீங்களே வீட்டில் செய்யலாம்.

முதலில் கால். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி மேலே இறுக்கி வையுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளவு. அதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் மாட்டிய கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய கிடைக்கும். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் பழைய கணக்கு இது. துல்லியம் என்று நினைக்க வேண்டாம், தொடங்குவதற்கு ஒரு புள்ளி. ஏற்கெனவே முழங்கால் வலியில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கணக்கை விட்டுவிட்டு இப்போதைய சீட் உயரத்தையே அளந்துகொள்ளுங்கள்.

அந்தத் தம்பியின் கால் 92 செ.மீ. கணக்குப்படி சீட் உயரம் 812 மில்லிமீட்டர். அவர் புதிதாகப் பார்த்துவைத்த லார்ஜ் ஃபிரேமில் அதே மையத்திலிருந்து மேல் வாய் வரை சீட் குழாய் 480. மிச்சம் 332. சீட்டின் கனம், ரயில் வரை, 45. ஆக ஃபிரேமின் வாயிலிருந்து ரயில் வரை 287 மில்லிமீட்டர் இடம். தலையும் காலரும் சுமார் 50 என்று வைத்தால் 237 மிஞ்சுகிறது. இதுவரை 210 டிராப்பர் தாராளமாக உட்காரும் என்றே தோன்றும். முக்கால்வாசிப் பேர் இங்கேயே கணக்கை நிறுத்திவிட்டு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

தலைப்பில் சொன்ன பழைய சீட் பில்லர் இப்போதுதான் வேலைக்கு வரும். உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் அதே விட்டத்தில், நீளமான, நேரான பில்லர் ஒன்று. இரும்புக் கடையிலோ தெரிந்த பட்டறையிலோ கிடைத்துவிடும். அதைக் குழாய்க்குள் மெதுவாக இறக்குங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே டேப் ஒட்டி, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். குச்சியோ ஸ்போக்கோ விட்டுப் பார்த்தால் போதாது. அது வளைவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் உங்களை ஏமாற்றும். தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டுகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். சில ஃபிரேம்களில் குழாயின் உட்பக்கம் ஓரளவு ஆழம் வரைதான் வழவழப்பாகக் கடைந்திருக்கும், அதற்குக் கீழே பில்லர் சிக்கும். பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் அதன் அச்சே குறுக்கே நிற்கலாம்.

தம்பியின் புது ஃபிரேமில் பில்லர் 240 மில்லிமீட்டர் இறங்கியது. கையிலிருந்த 210 டிராப்பரின் மொத்த நீளம் 560. மேலே 287 போக, உள்ளே 273 போக வேண்டும். போகாது, 33 மில்லிமீட்டர் மேலே நிற்கும். 180 டிராப்பரின் மொத்த நீளம் 490. உள்ளே 203, கேபிள் வளைந்து திரும்பவும் இடம் இருக்கிறது. 180தான் மாட்டினோம். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே 210 இறக்கத்திலேயே ஒன்று குட்டையாகவும் இன்னொன்று நெடுநெடு என்றும் வரும். அதனால் விலையைப் பார்க்கும் முன் மொத்த நீளத்தைப் பாருங்கள். தளத்தில் அந்த அளவைப் போடாத கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், சொல்லாவிட்டால் அங்கே வாங்காதீர்கள்.

ஏற்கெனவே டிராப்பர் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. சீட்டை முழு உயரத்தில் வைத்துவிட்டு, காலருக்குக் கீழே ஃபிரேமுக்கு மேலே தடித்த வெளிக்குழாய் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். 60 மில்லிமீட்டர் தெரிந்தால், உள்ளே ஆழமும் அனுமதித்தால், இறக்கத்தை ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூட்டலாம். காலர் ஃபிரேமை ஒட்டியே உட்கார்ந்திருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

விட்டம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் என்று வரும், பழைய ஃபிரேம்களிலும் சில மலிவான மாடல்களிலும் 27.2. சின்னதைப் பெரிய குழாயில், இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையமான ஷிம் வைத்து மாட்டலாம், பெரியதைச் சின்னதில் முடியாது. 27.2-இல் நீண்ட இறக்கம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் உயரமான, கனமான ஆளுக்கு அந்த மெல்லிய தண்டை நான் மாட்டிவிட மாட்டேன். நீளம் கூடினால் நெம்பும் கூடும், உள்ளே இருக்கும் புஷ் சீக்கிரம் தேயும். சீட் நுனியைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் சிறு ஆட்டம் எல்லா டிராப்பரிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் தடதடவென்று ஆடினால் மட்டும் பட்டறைக்கு வாருங்கள்.

பின் சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஷாக்கின் காற்றை இறக்கிவிட்டு, சீட்டையும் முழுக்க இறக்கி, சைக்கிளை அழுத்துங்கள். 29 அங்குலச் சக்கரம் மேலே வந்து சீட்டின் வாலில் மோதுகிறதா என்று தெரியும். மோதினால் அவ்வளவு இறக்கம் உங்களுக்குக் கூடாது.

மாட்டும்போது சீட் கிளாம்பை வெறித்தனமாக முறுக்குவதுதான் நான் அடிக்கடி திருத்தும் தவறு. நெட்டையான ஆள், கனம் ஜாஸ்தி, இறங்கிவிடுமோ என்று பயம். முறுக்க முறுக்க வெளிக்குழாய் நசுங்கி உள்ளே தண்டு இறுகும், சீட் மேலே வர அழும். “டிராப்பர் ரிப்பேர்ண்ணே” என்று கொண்டு வந்ததில் பலவற்றை நான் ஆலன் கீயால் அரைச் சுற்றுத் தளர்த்திக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், காசு வாங்கவில்லை. பெரும்பாலான கிளாம்புகளுக்கு 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் போதும். வழுக்கினால் பிடிப்புப் பசை தடவுங்கள்.

அப்புறம், இது எல்லோருக்கும் தேவையா? ரிங் ரோட்டிலும் அழகர்கோவில் தார் ரோட்டிலும் மட்டும் ஓட்டுபவருக்குத் தேவையே இல்லை. சிறுமலை வளைவுகளில் தார் ரோட்டில் இறங்குபவர்கூட இது இல்லாமல் சமாளிக்கலாம். நாகமலை அடிவாரத்துப் பாறைச் சரிவு, கண்மாய்க் கரை, ஓடைப் பள்ளம் என்று திரிகிறவர்களுக்குத்தான் இது. (மலைக்குள் ஏறுவதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சமணர் மலைப் பாறையில் டயர் தடம் பதிப்பது வீரமில்லை.) டிராப்பர் வாங்கும் காசு கையில் இருந்து, ஓட்டுவது சின்ன ஃபிரேம் என்றால், அந்தக் காசை முதலில் சரியான அளவு ஃபிரேமில் போடுங்கள் என்பேன்.

வாங்கியவர்களுக்கு நம் ஊர்த் தூசிதான் எதிரி. ஓட்டி வந்ததும் பளபளக்கும் தண்டை ஈரத்துணியால் துடையுங்கள். பின் சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் நேராக அந்தத் தண்டில்தான் விழும். பழைய டியூப்பை வெட்டி, சீட் குழாய்க்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கட்டிவிடுங்கள், சீமைக்கருவேல முள்ளால் வீணாய்ப்போன டியூப் யாரிடம் இல்லை? கொடைக்கானலுக்கு வேனில் ஏற்றும்போது, சீட் இறங்கிய நிலையில் சீட்டைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்க விடாதீர்கள். சில டிராப்பர்களில் அந்த இழுப்பு உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கெடுத்துவிடும். லோடு ஏற்றும் அண்ணன்மார் முதலில் பிடிப்பது சீட்டைத்தான், அதனால் சீட்டை முழுக்க மேலே ஏற்றிவிட்டே சைக்கிளை அவர்கள் கையில் கொடுங்கள்.