நாலு கிலோ குழந்தைக்கு ஏன் குதிகால்ல குத்துறோம்?

குழந்தை பிறந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். முதல் பால் குடிச்சாச்சு, நர்ஸ் குதிகால்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்த ஸ்ட்ரிப்ல தொட்டாங்க, மீட்டர்ல சுகர் 34ன்னு காட்டுச்சு, கம்மி. அம்மாவுக்கு கர்ப்பத்துல வந்த சுகர், குழந்தையோட எடை 4.2 கிலோ. பக்கத்துல நின்ன பாட்டிக்கு கோவம் வந்துருச்சு, "ஏன் டாக்டர், இவ்ளோ பெரிய பிள்ளைக்கா சத்து இல்லங்கறீங்க?"ன்னாங்க. நியாயமான கேள்விதான், கொழுகொழுன்னு இருந்தா ஆரோக்கியம்னுதான நாம எல்லாரும் பழகியிருக்கோம்.

அவங்களுக்கு நான் சொன்னத இங்கயும் சொல்றேன். அம்மா ரத்தத்துல இருக்குற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு தாராளமா போகும், ஆனா அம்மாவோட இன்சுலின் போகாது. அதனால வர்ற சர்க்கரைய சமாளிக்க குழந்தையோட கணையமே இன்சுலின் சுரக்கணும், அதிகமா வந்தா அதிகமா சுரக்கும். வயித்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு இன்சுலின்தான் வளர்ச்சி ஹார்மோன் மாதிரி வேலை செய்யும், மிச்சம் இருக்குற சர்க்கரைய எல்லாம் கொழுப்பா மாத்தி தோள்லயும் வயித்துலயும் அடுக்கிரும். பிறந்ததும் தொப்புள்கொடிய வெட்டுறோம், சர்க்கரை வரத்து அந்த நிமிஷமே நின்னுருது, ஆனா இன்சுலின் உடனே குறையாது, அதான் சுகர் சர்ருன்னு இறங்குது. இத 1950கள்லயே டென்மார்க்ல பெடர்சன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டாரு, இன்னிக்கும் அடிப்படை அதுதான்.

இதுவரைக்கும் சுகர் கதை. ஆனா நான் இன்னிக்கு எழுத வந்தது எடை பத்தி, ஏன்னா இந்த அம்மாவோட சுகர் நோட்டு ரொம்ப சுத்தமா இருந்துச்சு. வெறும் வயித்துல 95க்கு கீழ, சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்கு கீழ, கடைசி ரெண்டு மாசமும் அப்படித்தான். அப்புறம் ஏன் 4.2? அவங்க பழைய கார்டை எடுத்துப் பாருங்க. கர்ப்பத்துக்கு முன்னாடி 76 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோன்னு சொல்ற கணக்கு, கிட்டத்தட்ட 30. 26வது வாரம் குளுக்கோஸ் டெஸ்ட்ல சுகர்னு தெரிஞ்ச அன்னிக்கே எடை 88. அதாவது மொத்த கர்ப்பத்துக்கும் ஏறவேண்டியது 26 வாரத்துலயே ஏறிருச்சு, நாங்க சுகர கையில பிடிக்கறப்ப பாதி ஆட்டம் முடிஞ்சிருந்துச்சு.

எவ்ளோ ஏறலாம்னு கேட்டா, அமெரிக்காவுல 2009ல வந்த ஒரு அட்டவணைய தான் பெரும்பாலும் வெச்சுக்கறோம். கர்ப்பத்துக்கு முன்னாடி பிஎம்ஐ 18.5க்கு கீழ இருந்தா 12.5ல இருந்து 18 கிலோ, 25க்கு உள்ள இருந்தா 11.5ல இருந்து 16, 25ல இருந்து 30க்குள்ளன்னா 7ல இருந்து 11.5, 30ம் அதுக்கு மேலயும்னா 5ல இருந்து 9 கிலோ. இது சுகர் இருக்கறவங்களுக்குன்னே போட்டது இல்ல, எல்லா கர்ப்பிணிகளுக்கும் பொதுவா போட்டது, அதனால சுகர் இருந்தா நான் கீழ் வரம்பு பக்கமாவே நிக்கப் பாப்பேன், எல்லா டாக்டரும் ஒத்துக்கணும்னு இல்ல. எப்படியும் இந்த கணக்கு எல்லாம் கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்த எடையில இருந்துதான் ஆரம்பிக்குது, அதைக் கேட்டாதான் பத்துல ஆறு பேர் "தெரியலயே டாக்டர்"ங்கறாங்க.

எடைக்கும் குழந்தை சைஸுக்கும் என்ன சம்பந்தம், சுகர் கன்ட்ரோல்ல இருந்தா போதாதான்னு கேப்பீங்க. சர்க்கரை மட்டும் குழந்தைக்கு போறதில்ல, அம்மா ரத்தத்துல இருக்குற கொழுப்பும்தான் போகுது. உடம்புல கொழுப்பு கூடக் கூட இன்சுலினுக்கு உடம்பு மசியாது, கர்ப்பத்தோட பின்பாதியில நஞ்சுக்கொடி சுரக்குற ஹார்மோன்கள் வேற அதே வேலையத்தான் செய்யும், ரெண்டும் சேந்துக்கும். 2008ல வந்த ஹாப்போங்கற ஆய்வுல சுமார் 25,000 கர்ப்பிணிகள பாத்தாங்க, அதுல இந்த அளவுக்கு மேல போனாதான் ஆபத்துன்னு கோடு எதுவும் தெளிவா கிடைக்கல, சுகர் ஏற ஏற குழந்தை சைஸும் கூடிட்டே போச்சு. அதனால "எனக்கு பார்டர்தான் டாக்டர்"னு சொல்லிட்டு ரெண்டு பேருக்கு சாப்பிடறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்.

இப்ப இதுக்கு நேர் எதிரா இன்னொருத்தர். சுகர்னு சொன்ன நாள்ல இருந்து ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டாங்க, மூணு வாரத்துல 3 கிலோ காணோம். சுகர் சார்ட் பாத்தா நூத்துக்கு நூறு, நோட்ட நீட்டறப்ப முகத்துல அவ்ளோ பெருமை. ஆனா சாப்பாடு பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கறப்ப வர்ற கீட்டோன் யூரின்ல வந்துருக்கு, ஸ்கேன்ல குழந்தையோட வயித்து சுத்தளவு வளர்ச்சிக் கோட்டுல கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கு. நான் திட்டல, பயத்துல பண்ணதுதான, ஆனா அன்னிக்கே டயட்டீஷியன்கிட்ட உக்கார வெச்சேன். சாப்பாட்ட மாத்துன முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கொஞ்சம் எடை இறங்கறதோ நிக்கறதோ சகஜம், அதுக்கு மேலயும் இறங்கிட்டே போனா குழந்தை சின்னதாயிரும், சின்னக் குழந்தைக்கும் பிறந்ததும் சுகர் இறங்கும். சீக்கிரமே நிறைய ஏறிட்டவங்ககிட்டயும் இதான் சொல்றேன், ஏறினத இறக்க வேண்டாம், இனிமே ஏறுற வேகத்த மட்டும் குறைப்போம். பிஎம்ஐ 25க்கு மேல இருந்தவங்களுக்கு வாரத்துக்கு கால் கிலோ பக்கம் போதும், மாவுச்சத்த ஒரே வேளையில கொட்டாம பிரிச்சு சாப்பிடறது, சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கறது, இவ்ளோதான், பெரிய ரகசியம் எதுவும் இல்ல.

இன்சுலின் போட்டா குழந்தை பெருசாயிரும்னு ஊசிய வேண்டாங்கறவங்களும் உண்டு. மேல சொன்னேனே, அந்த ஊசி மருந்து குழந்தைகிட்ட போறதே இல்லன்னு சொல்லலாம், பெருசாக்கறது கட்டுப்படாத சர்க்கரை. ஆனா ஒண்ணு, ஊசி போட்டுட்டு லோ சுகர் ஆயிருமோன்னு பயந்து நடுநடுவுல எதையாவது கொறிச்சா எடை ஏறத்தான் செய்யும். அந்த பயம் இருந்தா டோஸ மாத்தலாம், சொல்லுங்க.

ஸ்கேன்ல 4 கிலோன்னு போட்டதும் ஆபரேஷன் தேதி கேக்கறாங்க. ஸ்கேன் எடை ஒரு மதிப்பீடுதான், பத்து பதினஞ்சு சதவீதம் கூடக் குறைய இருக்கும், 4ன்னு போட்டது 3.5ஆவும் இருக்கலாம் 4.5ஆவும் இருக்கலாம். நாங்க கவலைப்படறது எடைய விட உடம்பு வாகுதான், சுகர் அம்மாவோட குழந்தைக்கு தலைய விட தோளும் மார்பும் பருத்திருக்கும், தலை வந்தப்புறம் தோள் மாட்டிக்கற ஆபத்து அதே எடையில இருக்குற வேற குழந்தைய விட இங்க ஜாஸ்தி. சுகரோட 4.5 கிலோன்னு கணக்கு வந்தா ஆபரேஷன் பத்தி பேசுவோம், அதுக்கு கீழன்னா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாத்துதான் முடிவு.

வீட்டுல எடை பாக்கறவங்க ஒரே மெஷின்ல, காலைல வெறும் வயித்துல, வாரம் ஒரு தடவ பாருங்க, தினமும் ஏறி நின்னு மனச கெடுத்துக்காதீங்க. ஆனா ஒரே வாரத்துல ஒரு கிலோவுக்கு மேல ஏறி முகமோ கையோ வீங்கி தலைவலியும் இருந்தா அது கொழுப்பு இல்ல, நீர். அன்னிக்கே வந்து பிபி பாக்கணும், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்த 4.2 கிலோ குழந்தைக்கு மறுபடி பால் குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தோம், 49. அடுத்தது 56. பாட்டி மீட்டர எட்டிப் பாத்துட்டு "ஏறிருச்சா?"ன்னாங்க, ஏறிருச்சு. அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஆறு வாரம் கழிச்சு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்னு எழுதி வட்டம் போட்டுக் குடுத்தேன், குழந்தைய பாக்கறதுல முக்காவாசி பேர் மறந்துடற டெஸ்ட் அது. அவங்க ஏழாவது வாரம் வந்தாங்க, ரிசல்ட் நார்மல், கிளம்பறப்ப அவங்களாவே எடை மெஷின்ல ஏறி நின்னு "இத எழுதி வெச்சுக்கோங்க டாக்டர், அடுத்த தடவ தெரியலன்னு சொல்ல மாட்டேன்"னாங்க. 83.