டைட்டானியம் லேசர் வெல்டிங்: வெள்ளி நிறம் மட்டும் போதாது

விமான பாகங்களுக்கு டைட்டானியம் வெல்டிங் செய்யும் கூடங்களில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது நிறம் பார்ப்பதைத்தான். வெல்டு வெள்ளியாகப் பளபளத்தால் நல்லது. வைக்கோல் நிறம் வரை பரவாயில்லை. நீலம், ஊதா என்று போனால் ட்ராயிங்கையும் ஸ்டாண்டர்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சாம்பலாகி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பேச்சே இல்லை, ரிஜெக்ட். இந்தப் பாடம் சரிதான், ஆனால் பாதிப் பாடம்.

சூடான டைட்டானியம் காற்றைச் சும்மா விடாது. சுமார் 250 டிகிரி செல்சியஸிலேயே ஹைட்ரஜனை இழுக்கத் தொடங்கும். 400-ஐத் தாண்டினால் ஆக்சிஜன், 600-க்கு மேல் நைட்ரஜன். ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெல்டுக்குள் கரைந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த இடம் கடினமாகி, விரிசல் விடக் காத்திருக்கும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து 112 பேர் இறந்தார்கள். என்ஜினின் டைட்டானியம் ஃபேன் டிஸ்கில், அதாவது விசிறி இதழ்களைத் தாங்கும் தட்டில், நைட்ரஜன் சேர்ந்து கடினமான ஒரு சிறு புள்ளியில்தான் விரிசல் தொடங்கியது. அது வெல்டிங்கில் வந்த குறை இல்லை, உலோகத்தை உருக்கும்போதே நேர்ந்தது. ஆனாலும் டைட்டானியத்தில் கைவைக்கும் எல்லோரும் அந்த விபத்தைத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

லேசரில் வெப்பம் குறைவு, சூடாகும் பட்டையும் ஒடுக்கம், அதனால் ஷீல்டிங்கில், அதாவது ஆர்கான் வாயுவால் காற்றை விலக்கி வைப்பதில், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 33 மில்லிமீட்டர். வெல்டு 400 டிகிரிக்குக் கீழே இறங்க 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், லேசர் புள்ளிக்குப் பின்னால் 66 மில்லிமீட்டர் நீளத்துக்கு உலோகம் இன்னும் சூடாகத்தான் இருக்கும். டைட்டானியத்தில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும் என்பதால் இந்த வால் சுலபத்தில் ஆறாது. நாசில் முனையிலிருந்து வரும் ஆர்கான் அவ்வளவு தூரம் எட்டாது. அதற்கென்று பின்தொடரும் நீளமான ஷீல்டு வேண்டும். அடிப்பக்கத்துக் காற்றை ஆர்கானால் வெளியேற்றும் பர்ஜ் தனியாக வேண்டும். மேல்பக்கம் வெள்ளி, ரூட் என்னும் அடிப்பக்கம் நீலம் என்று வரும் வெல்டுகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். புரட்டிப் பார்க்க முடியாத பெட்டி வடிவ பாகமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

ஆர்கான் ஃப்ளோவைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்பதும் தப்பு. வேகமாக வரும் கேஸ் சுழன்று பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

அப்புறம், நிறம் காட்டாத குறை. வெல்டு ஆறும்போது மேலே படியும் ஆக்சைடு படலம்தான் நிறமாகத் தெரிகிறது. சிலிண்டரில் 99.999 சதவீத ஆர்கான் இருந்து, வழியில் ரப்பர் டியூப் ஈரத்தை உள்ளே விட்டால் உருகிய உலோகம் அதையும் குடித்துவிடும். மேலே வெள்ளி, உள்ளே வாயுக்குமிழ். அதனால் ஷிஃப்ட் தொடங்கியதும் அதே டியூப், அதே கேஸில் ஒரு துண்டுத் தகட்டை வெல்டு செய்து வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் அன்றைக்கு பாகத்தைத் தொடாதீர்கள்.

சுத்தம் என்றதும் எஸ்ஆர்-71 என்ற அமெரிக்க உளவு விமானத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் லாக்ஹீட் நிறுவனம் அந்த டைட்டானியம் விமானத்தைச் செய்தபோது, கோடையில் ஸ்பாட் வெல்டு செய்த பலகைகள் சீக்கிரம் கெட்டுப்போயின. குளிர்காலத்தில் செய்தவை நின்றன. தேடியதில், கோடையில் பாசி பிடிக்காமலிருக்க ஊர்த் தண்ணீரில் குளோரின் கலந்தது தெரிந்தது. அந்தத் தண்ணீரில்தான் பலகைகளைக் கழுவியிருந்தார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறிய பிறகே பிரச்சினை தீர்ந்தது. நம் விரல் வியர்வையின் உப்பிலும் அதே குளோரின், குளோரைடு வடிவில் இருக்கிறது. அசிட்டோனால் துடைத்த விளிம்பை, சரியாகப் பொருந்துகிறதா என்று வெறுங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கூடத்திலும் அனுமதிக்கக் கூடாது. இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷும் டைட்டானியத்தின் பக்கமே வரக் கூடாது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நீலத்தை பிரஷ் போட்டுத் துலக்கிவிடுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் ஒரே காரியம். நிறம் போகும், உள்ளே போன ஆக்சிஜன் போகாது. வெல்டு ஆறியதும் இரண்டு பக்கமும் படமெடுத்து, நிறத்தைப் பதிவு செய்து, கையெழுத்து வாங்கிய பிறகே பிரஷ்ஷை எடுக்க வேண்டும். உங்கள் வேலைத்தாளில் அந்த வரிசை இல்லையென்றால் இந்த வாரமே சேர்க்கச் சொல்லுங்கள்.