"பன்னிரண்டு வோல்ட்தானே?"

இந்த மாதத்தில் இன்வெர்ட்டர் கோளாறு என்று நான் பார்க்கப் போன நாலாவது வீடு இது. தலவாக்கலைப் பக்கம் ஒரு லயக் காம்பரா, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. "பேட்டரி செத்துப்போச்சு தம்பி, புதுசு ஒன்னு பார்த்துக் குடுங்க" என்றார் வீட்டுக்கார ஐயா. ரைஸ் குக்கரைப் போட்டதும் இன்வெர்ட்டர் (பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக, 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) கத்திக் கத்தி நின்றுவிடுமாம்.

குக்கரைப் போடச் சொல்லி மீட்டரை வைத்தேன். பேட்டரி முனையில் 12.1 வோல்ட். இன்வெர்ட்டர் முனையில் 10.4, அதனால்தான் அது நின்றுவிடுகிறது. பேட்டரிக்கு ஒரு நோயும் இல்லை. நடுவில் 1.7 வோல்ட்டைத் தின்றது வயர். பிளக் பொயின்டுக்கு இழுக்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்! மேலுறை இளகி, கை வைக்க முடியாத சூடு.

"பன்னிரண்டு வோல்ட்தானே தம்பி, ஷாக்கா அடிக்கப்போகுது?"

போகிற வீட்டிலெல்லாம் இதே பேச்சு. எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். ஷாக் அடிக்காது, சரி. நெருப்புப் பிடிக்க ஷாக் எதற்கு? 700 வாட் குக்கர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 3 ஆம்பியர். அதே குக்கருக்காக அந்த இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 75 ஆம்பியர் இழுக்கிறது. 25 மடங்கு. வயரின் தடை அதேதான்; ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். அப்படியானால் 625 மடங்கு சூடு. சுவருக்குள் பத்து வருஷம் சும்மா கிடக்கிற வயர் இங்கே வந்தால் அடுப்புக் கம்பியாகிவிடும்.

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டியபோது அவசரத்துக்கு மாட்டிய இன்வெர்ட்டர்கள் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. நம் மலைநாட்டுப் பனிக்கும் ஈரத்துக்கும் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், அதுவும் தடைதான். வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் நசுக்கும் வயரிங் பாஸ்மாரே, அதைச் சரியாக அழுத்திப் பிடிக்க ஒரு கிரிம்ப் டூல் வாங்குங்கள்.

1000 வாட் இன்வெர்ட்டருக்குச் செம்பில் குறைந்தது 25 சதுர மில்லிமீட்டர் வயர், நீளம் ஒன்றரை மீட்டருக்குள். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 125 ஆம்பியர் ஃபியூஸ். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். முனையைச் சுரண்டி, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் மட்டும் பேட்டரியை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கிற வாயு.

ஐயாவுக்குப் பேட்டரி வாங்கவில்லை. வயரை மாற்றியதும் இன்வெர்ட்டர் முனையில் 11.9. பழைய வயரை என்ன செய்வது என்று கேட்டார். துணி காயப்போடக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.