தொடை எலும்பு கிடைத்த பிறகு

2014 மே மாதத்தில் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவிலிருந்து வெளிவந்த ஒரு புகைப்படம் உலகெங்கும் நாளிதழ்களில் இடம்பிடித்தது. தரையில் கிடக்கும் ஒரு டைனோசரின் தொடை எலும்பின் அருகே ஒருவர் படுத்திருக்கிறார். எலும்பு அவரைவிட நீளமாக இருக்கிறது. எடை 77 டன், நீளம் 40 மீட்டர், நிலத்தில் நடமாடிய விலங்குகளிலேயே இதுதான் மிகப் பெரியது என்று செய்திகள் அறிவித்தன. 2017-இல் அந்த விலங்குக்குப் பட்டகோடைட்டன் என்று முறைப்படி பெயர் சூட்டிய ஆய்வுக் கட்டுரை, எடையை 69 டன் என்றும் நீளத்தை 37 மீட்டர் என்றும் மதிப்பிட்டது. பின்னர் வேறு முறையில் கணக்கிட்டவர்கள் 60 டன்னுக்கும் கீழே வந்து நின்றார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன விலங்கு இடையில் இளைத்துவிடவில்லை. மக்களின் ஆர்வம் எந்த எண்ணைப் பற்றிக்கொண்டதோ, அந்த எண்தான் அந்தக் கண்டுபிடிப்பிலேயே உறுதி குறைந்த பகுதியாக இருந்தது.

எடையை மதிப்பிடும் முறையைப் பார்த்தால் இது ஏன் என்பது விளங்கும். இன்று வாழும் நான்கு கால் விலங்குகளில், முன்னங்காலின் மேல் எலும்பும் தொடை எலும்பும் எவ்வளவு பருமனாக இருக்கின்றனவோ, அதற்கேற்ப உடல் எடையும் கூடுகிறது. எலி முதல் யானை வரை இந்தத் தொடர்பு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. எனவே அவ்விரு எலும்புகளின் நடுப்பகுதிச் சுற்றளவை அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடலாம். ஆனால் இந்தச் சமன்பாட்டின் பிழை எல்லை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதாவது 69 டன் என்ற மதிப்பீட்டில் இருபுறமும் பதினேழு டன் வரை விலகல் இருக்கலாம். மாற்று முறையில், எலும்புக்கூட்டின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் அமைத்து, அதன் மேல் சதையைப் போர்த்திக் கன அளவைக் காண்கிறார்கள். அதற்கு முழு எலும்புக்கூடு தேவை; பட்டகோடைட்டனோ குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்த இடத்திலிருந்து வந்தது. நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகள் உடலில் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தன என்பதும் அனுமானமே.

இவ்வளவு ஐயத்துக்கு நடுவே உறுதியான தகவல் எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் எலும்பைச் சூழ்ந்திருக்கும் பாறையிலிருந்துதான். அகழ்வு மெதுவாக நடப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். எலும்பு உடைந்துவிடுமே என்ற அச்சம் அடுத்தபடிதான் வருகிறது.

தொல்லுயிரியலாளர்கள் கண்ட இடத்தில் தோண்டுவதில்லை. முதலில் நிலவியல் வரைபடத்தைப் பார்த்து, உரிய வயதுள்ள படிவுப் பாறை தாவரப் போர்வையின்றி வெளித்தெரியும் வறண்ட நிலங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு வேலை என்பது நடப்பதுதான். மழையும் காற்றும் அரித்துச் சரிவின் அடியில் சேர்த்த எலும்புத் துணுக்குகளைக் கண்டால், அவை எந்த அடுக்கிலிருந்து உதிர்ந்தன என்று மேல்நோக்கித் தேடிச் செல்கிறார்கள். அடுக்கு அகப்பட்ட பின், மேல் பாறையை அகற்றி, நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு எலும்பும் எந்தத் திசையில், எந்தச் சாய்வில், எதற்கு அருகில் கிடக்கிறது என்பதை வரைந்தும் படமெடுத்தும் பதிவு செய்கிறார்கள். நீண்ட எலும்புகள் எல்லாம் ஒரே திசையை நோக்கியிருந்தால், ஓடும் நீர் அவற்றை ஒதுக்கியிருக்கிறது. மூட்டுகள் கழலாமல் இருந்தால், உடல் விரைவாகப் புதைந்திருக்கிறது. அருகில் ஊனுண்ணிகளின் உதிர்ந்த பற்கள் கிடந்தால், பிணத்தை அவை தின்றிருக்கக்கூடும்.

வயதும் இப்படியே. எலும்பை நேரடியாகக் கணிப்பதைக் காட்டிலும், அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களைப் பிரித்தெடுப்பதே வழக்கம். அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கின்றன, ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே பின்னாளில் அவற்றில் காணப்படும் ஈயம் யுரேனியத்தின் சிதைவால் வந்தது என்று கொண்டு காலத்தைக் கணக்கிடலாம். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத எலும்புக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

பதிவு முடிந்த பின்பே எலும்பு நகர்கிறது. விரிசல்களில் மெல்லிய பசையைச் செலுத்தி, சுற்றிலும் பள்ளம் தோண்டி, எலும்பைப் பாறையோடு ஒரு மேடையாக நிறுத்துகிறார்கள். ஈரக் காகிதத்தைப் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகளைச் சுற்றுகிறார்கள். உடைந்த கைக்கு மாவுக்கட்டு போடும் அதே உத்திதான், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பெரிதாக மாறவில்லை. கட்டு இறுகியதும் அடியைக் குடைந்து புரட்டி, மறுபக்கத்தையும் மூடுகிறார்கள். ஆய்வகத்தில் அதைப் பிரித்து, காற்றழுத்தத்தில் அதிரும் ஊசிகளால் பாறையைத் துகள்துகளாக நீக்கும் வேலை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. செய்தியில் வரும் காட்சி பெரும்பாலும் அகழ்விடத்தோடு முடிந்துவிடுகிறது. நீண்ட உழைப்பு இங்கேதான்.

இடப் பதிவின் மதிப்பைக் காட்ட மங்கோலியாவை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1923-இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையிலான குழு கோபி பாலைவனத்தில் முட்டைகள் நிறைந்த கூட்டைக் கண்டது. அதன் மேல் ஒரு சிறு டைனோசரின் எலும்புக்கூடு கிடந்தது. முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவர உண்ணி டைனோசருக்கு உரியவை, மேலே கிடப்பது அவற்றைத் திருட வந்தது என்று முடிவு கட்டி, அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயரிட்டார்கள். 1993-இல் அதே பாலைவனத்தில் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்த கரு கிடைத்தது. திருடன் என்று பழி சுமந்த விலங்கு பெற்றோராக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. முதல் விளக்கம் தவறானாலும், எலும்புக்கூடு கூட்டின் மேல் கிடந்தது என்ற பதிவு இருந்ததால்தான் எழுபது ஆண்டுகள் கழித்தும் அதைத் திருத்த முடிந்தது. அந்த முட்டைகளில் ஒன்று, பயணத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு, 5,000 டாலருக்கு ஏலம் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முட்டைக்கும் அதே விலை உண்டு என்ற நினைப்பு பரவியது. ஆண்ட்ரூஸே பின்னாளில் அந்த ஏலத்துக்காக வருந்தினார்.

சந்தை இடப் பதிவை மதிப்பதில்லை. 1999-இல் சீனாவிலிருந்து வந்து அமெரிக்காவில் 80,000 டாலருக்கு விற்கப்பட்ட ஆர்க்கியோராப்டர் என்ற புதைபடிவம், டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட இணைப்பு என்று நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வெளியானது. அறிவியல் இதழ்கள் அதை ஏற்றிருக்கவில்லை. சி.டி. ஸ்கேன் அது பல துண்டுகளை ஒட்டிச் செய்தது என்று காட்டியது. வால், மைக்ரோராப்டர் என்ற உண்மையான சிறு டைனோசருடையது. அறிவியலுக்கு அந்த வாலே பெரிய செய்தி, ஆனால் விலை போனது ஒட்டு வேலைதான்.

இதைச் சொல்லிப் பொதுமக்களின் ஆர்வத்தையே குறை கூறுவது நியாயமாகாது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் களிமண்ணை வழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், தரையில் சீரான இடைவெளியில் மேடுகள் தட்டுப்படுவதை உணர்ந்து, வல்லுநர்களுக்குச் சொல்ல வழிசெய்தார். 2024 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கூடி, 16.6 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஏறத்தாழ 200 காலடித் தடங்களை வெளிக்கொணர்ந்தார்கள். ஐந்து தடவரிசைகளில் நான்கு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளுடையவை. ஒன்று, டைனோசர்களிலேயே முதன்முதலாக 1824-இல் அறிவியல் பெயர் பெற்ற மெகலோசாரஸினுடையது. எடுத்துச் செல்ல எலும்பு ஏதும் தேவைப்படவில்லை. கூடியவர்கள் மண்ணை விலக்கி 20,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்கள். அவற்றிலிருந்து அமைத்த முப்பரிமாண மாதிரியில் தடத்தின் நீளத்தையும் காலடிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்தால், விலங்கின் இடுப்பு உயரமும் நடை வேகமும் கணக்கிட வருகின்றன. அந்த விலங்குகள் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கின்றன.